வீட்டில் ஜாம், ஜெல்லி செய்ய எந்த வடிகட்டி வாங்கலாம்? மிக்ஸியில் அரைத்து டீ வடிகட்டியில் வடித்தால் போதாதா?

போதாது. அதிலும் கொய்யாவுக்கு மிக்ஸி வேண்டவே வேண்டாம். விதை உடைந்து தூளானால் எந்தக் கண்ணிலும் நிற்காது, ஜாம் முழுக்க நறநறவென்று மணல் கடிபடும். திராட்சை விதை அரைபட்டால் கசப்பும் சேர்ந்துவிடும்.

வாங்குவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: உங்களுக்கு வேண்டியது பழக்கூழா, தெளிந்த சாறா? கூழ் என்றால் சல்லடை, சாறு என்றால் துணி. இந்த இரண்டும் இருந்தால் வீட்டு அளவுக்கு வேறெதுவும் தேவையில்லை. மூன்று நான்கு அளவுகளில் செட்டாக விற்கும் வடிகட்டிகளில் பாதி அலமாரியிலேயே கிடக்கும்.

சல்லடை எவர்சில்வரில், ஒரு சாண் அகலமாவது இருக்கட்டும். கண் ரவை சலிக்கும் அளவு போதும். மைதா சலிக்கும் நைஸ் கண்ணில் கூழ் இறங்காது, கை வலிதான் மிச்சம். கடையிலேயே கட்டைவிரலால் வலையை அழுத்திப் பாருங்கள். குழிந்தாலோ விளிம்பில் அசைந்தாலோ வாங்காதீர்கள், ஏனென்றால் நாம் வெறுமனே ஊற்றி வடிக்கப் போவதில்லை, கரண்டியால் தேய்க்கப் போகிறோம். பிளாஸ்டிக் சூட்டில் இளகிவிடும். மாவு சலிக்கும் பழைய இரும்புக் கண் சல்லடை பழப் புளிப்புக்குத் துருப்பிடிக்கும். சாறு பிடிக்கும் பாத்திரமும் அலுமினியமாக இருக்க வேண்டாம்.

துணிக்கு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வெள்ளை வேட்டியை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் கருத்து. புதுத் துணி என்றால் கஞ்சி போக வெந்நீரில் அலசிவிடுங்கள். எந்தத் துணியானாலும் ஒரு கொதி விட்டுப் பிழிந்து, ஈரத்தோடே பயன்படுத்த வேண்டும். காய்ந்த துணி முதல் சாற்றைத் தானே குடித்துவிடும்.

கொய்யா ஜெல்லியைச் சொல்கிறேன், அதில் இரண்டுக்கும் வேலை உண்டு. ஒரு கிலோ கொய்யா. நன்றாகப் பழுத்ததோடு கொஞ்சம் செங்காயும் இருந்தால் நல்லது, ஜெல்லியை உறைய வைக்கும் பெக்டின் அதில்தான் அதிகம். தோலோடு நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரும் இரண்டு எலுமிச்சைச் சாறும் விட்டு அரை மணி நேரம் வேக விடுங்கள். ஒரு ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, துணியின் நான்கு முனைகளையும் நான்கு கால்களில் இறுகக் கட்டி, அடியில் பாத்திரம் வைத்து, வெந்ததை ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். அவசரப்பட்டுப் பிழிந்தால் சதையும் சேர்ந்து இறங்கி ஜெல்லி கலங்கலாகிவிடும். பிழியாமல் விட்டால் கண்ணாடி மாதிரி வரும்.

அந்தச் சாறு ஒரு கப்புக்கு முக்கால் கப் சர்க்கரை போட்டுக் காய்ச்சி, கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள். விளிம்பில் இரண்டு சொட்டுகள் ஒன்றாகச் சேர்ந்து தகடு போல விழுந்தால் பதம். தெர்மாமீட்டர் இருந்தால் சுமார் 105 டிகிரி செல்சியஸ்.

அப்புறம், துணியில் தங்கிய சதையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சல்லடையில் போட்டுக் கரண்டி முதுகால் வட்டமாகத் தேய்த்தால் மேலே விதை மட்டும் நிற்கும். சல்லடையின் அடிப்பக்கத்தை அவ்வப்போது வழித்தெடுங்கள், கெட்டிக் கூழ் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஜாமுக்கு ஆகும்.

பன்னீர் திராட்சைக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல். வடித்த சாற்றை ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் அடியில் கற்கண்டுத் தூள் மாதிரி படியும். அது திராட்சையின் இயற்கையான உப்பு, கெடுதல் இல்லை. ஆனால் பல்லில் படும். பாத்திரத்தை அசைக்காமல் மேல் சாற்றை மட்டும் இன்னொரு முறை துணியில் ஊற்றி வடித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த கையோடு சல்லடையைக் கவிழ்த்து, பின்பக்கமாகக் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள். கூழ் காய்ந்துவிட்டால் ஒவ்வொரு கண்ணாகக் குத்த வேண்டியிருக்கும்.