ஹௌகன் என்ற பெயரை நம்பித் தேடாதீர்கள்

கேள்வி: மினியாபோலிஸில் வசிக்கிறேன். என் கணவரின் கொள்ளுத்தாத்தா ஓலே ஹௌகன், 1882இல் நார்வேயிலிருந்து மின்னசோட்டாவுக்கு வந்தவர். சொந்த ஊர் எது, பெற்றோர் யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. குடும்ப வரலாற்றையும் குலச்சின்னத்தையும் சேர்த்துத் தருவதாக ஒரு நிறுவனம் முன்பணம் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். குலச்சின்னம் என்று காதில் விழுந்ததுமே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். உழுது பிழைத்த குடும்பங்களுக்கு ஏது குலச்சின்னம்? ஏதோ ஒரு படத்தை வரைந்து, உலகத்தில் இருக்கிற ஹௌகன்கள் அத்தனை பேர் தலையிலும் கட்டுவார்கள். இணையத்தில் யாரோ போட்டுவைத்த வம்சாவளியை அப்படியே எடுத்துக் கொடுத்துக் காசு பார்ப்பவர்களும் உண்டு.

ஹௌகன் குடும்பப் பெயரே இல்லை. பண்ணையின் பெயர். அந்தப் பெயரில் நார்வே முழுக்கப் பண்ணைகள் இருக்கின்றன. அப்பா ஹான்ஸ் என்றால் மகன் ஓலே ஹான்சன், மகள் ஹான்ஸ்டாட்டர். நம்மூர் இனிஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை மாறும். எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று சட்டம் வந்ததே 1923இல்தான். பண்ணைப் பெயர் கிட்டத்தட்ட விலாசம். குடிமாறினால் அதுவும் மாறும்.

பலர் வழுக்கி விழுவது வீட்டோடு மாப்பிள்ளை விஷயத்தில். பாக்கன் பண்ணையில் பிறந்த ஹான்ஸ், ஹௌகன் பண்ணைக்கு வாரிசான பெண்ணைக் கட்டினால், அங்கேயே குடியேறி ஹான்ஸ் ஹௌகன் ஆகிவிடுவார். மகன் பிறப்பிலேயே ஹௌகன். நீங்கள் ஹான்ஸின் பிறப்பை ஹௌகனில் தேடுவீர்கள், கிடைக்காது. அவர் பாக்கனில் இருப்பார். கிடைக்கும் தாத்தாவோ அம்மா வழித் தாத்தா. இது தெரியாமல் அப்பா வழி என்று எழுதிவைத்த வம்சாவளிகள் இணையத்தில் ஏராளம்.

நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்ற கதையையும் விடுங்கள். அந்த நிலையம் திறந்ததே 1892இல். பயணிகள் பட்டியலும் கப்பல் புறப்படுகிற இடத்திலேயே எழுதப்பட்டுவிடும்.

சரி, தேடலை அமெரிக்காவில் ஆரம்பியுங்கள். 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் பிறந்த மாதம், வருடம், குடியேறிய வருடம் மூன்றும் இருக்கும். அப்புறம் அவர் போன லூதரன் சர்ச். அங்கே நார்வேஜியப் பாதிரியார்கள் பிறந்த தேதியையும், பல சமயம் பிறந்த ஊரையும் எழுதிவைத்திருப்பார்கள். ஊர் தெரியாமல் நார்வேக்குள் நுழைந்தால் திணறுவீர்கள். 1882இல் மட்டும் 28,000க்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். அதில் எத்தனை ஓலேக்கள் இருந்திருப்பார்கள்!

ஊர் கிடைத்ததும் நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல்ஆர்கிவே தளத்துக்குப் போங்கள். இலவசம், ஆங்கிலத்திலும் உண்டு. 1875 மக்கள்தொகைக் கணக்கில் சிறுவன் ஓலேயும் பெற்றோரும் ஒரே வீட்டில், பிறந்த வருடத்தோடும் ஊரோடும் இருக்க வாய்ப்பு அதிகம். கிறிஸ்டியானியா, அதாவது இன்றைய ஓஸ்லோ வழியாகப் போனவர்களைப் போலீஸ் 1867 முதல் பதிந்துவைத்திருக்கிறது. பெர்கன் துறைமுகத்துக்கு 1874 முதல் பட்டியல் உண்டு.

எரிச்சல் வருவது சர்ச் பதிவேடுகளில்தான். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போட்டுவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் பெயரைத் தட்டினால் வராத பக்கங்கள் இன்னும் நிறைய. கோதிக் என்ற பழைய பாணிக் கையெழுத்தில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டும். ஒரே ஆளை ஓரிடத்தில் ஓலே என்றும் இன்னோரிடத்தில் ஓலா என்றும் எழுதியிருப்பார்கள். தேடுபொறிக்கு அவர்கள் இரண்டு பேர்! இடைத்தரகர்கள் பிழைப்பதே இந்தச் சந்தில்தான். உதவி தேவைப்பட்டால், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் இருக்கும் நார்வேஜியன் அமெரிக்கன் வம்சாவளி மையத்தைக் கேளுங்கள்.

ஓர் ஓலே கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஞானஸ்நானப் பதிவில் உள்ள பிறந்த தேதி, அமெரிக்கச் சர்ச் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். அதோடு 1900ஆம் ஆண்டு நார்வே கணக்கையும் பாருங்கள். அந்த ஓலே பண்ணையில் மனைவி மக்களோடு குடியிருந்தால், அவர் உங்கள் ஓலே இல்லை.