தண்டவாளத் துண்டில் ஹைட்ரோலிக் பிரஸ் சட்டகம் கட்டலாமா?

யாழ்ப்பாணத்தில் உங்கள் கம்மாலைக்கு 20 தொன் ஹைட்ரோலிக் பிரஸ் ஒன்றைச் செய்வதற்குப் பழைய தண்டவாளத் துண்டுகள் சட்டகமாக உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். பட்டடைக்கு அவை அருமையானவை. சட்டகத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். தண்டவாளம் காபன் மிகுந்த உருக்காதலால், முன்கூட்டிச் சூடாக்காமல் வெல்டிங் செய்தால் ஒட்டின் ஓரம் கடினமாகி, பின்னர் பாரம் ஏறும்போது மயிரிழை வெடிப்பு விடக்கூடும். சாதாரண மைல்ட் ஸ்டீலே (காபன் குறைந்த மெல்லுருக்கு) போதும். இரு தூண்களும் தலைக்கு 10 தொன் இழுவையையே தாங்குவதால், 100 க்கு 25 மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள தகட்டில் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் வரும் விசை) ஏறத்தாழ 40 மெகாபஸ்கால்தான். வளைய முற்படுவது மேல்விட்டமே. அங்கே தகட்டை நிமிர்த்தி வையுங்கள்: ஆழம் இரட்டித்தால் வளைவுக்கு எதிரான வலிமை நான்கு மடங்காகும். எச் (H) வடிவ விட்டமாயின், சிலிண்டர் அமரும் இடத்தில் நடுத்தகடு நெளியாதபடி இருபுறமும் முட்டுத்தகடு ஒட்டுவது கட்டாயம். பழைய இரும்பாயின், உப்புக்காற்று அரித்தது போக மிஞ்சிய தடிப்பை, துருவைச் சுரண்டி வேர்னியரால் அளந்த பின்பே வாங்குங்கள்.