சிரிக்க வைக்க விரும்பும் பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஸ்டாண்ட்-அப் காமெடியன் ஆக வேண்டும் என்கிறாள். அந்த ஆசையைப் பற்றிய இளையோர் நாவல்களை இருவரும் தேடித் தேடி வாசித்தோம். அவற்றில் வரும் பிள்ளைகளுக்கெல்லாம் ஏதாவது ஒரு துயரம் இருக்கிறது. ஒருவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான், ஒருவனுக்குத் திக்குவாய், ஒருத்தியின் தந்தைக்குத் தீராத நோய். பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு குழந்தை நகைச்சுவைக்கு வரக் கூடாதா? இன்னொன்று, கதையில் அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்கும் இடங்களில் எங்களுக்குச் சிரிப்பே வரவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் கேள்விக்கான பதிலில் பாதி இரண்டாவதற்குள் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மேடை நகைச்சுவையின் உயிர் குரலிலும் முகத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே விடப்படும் இடைவெளியிலும் இருக்கிறது. அச்சில் இவை எதுவும் கிடையாது. ஆகவே “அரங்கம் அதிர்ந்தது” என்று எழுதிவிட்டு நகரும் நாவலாசிரியர் நம் சார்பில் தாமே சிரித்துக்கொள்கிறார். நாவலால் செய்யக்கூடியது வேறு. ஒரு நகைச்சுவை எப்படித் தோற்கிறது, எப்படித் திருத்தப்படுகிறது என்பதை அது காட்டலாம். ஒரு சிறுவன் மேடையில் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: “நான் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதும் அப்பா, என் பக்கத்தில் உட்கார்ந்து தேர்வு எழுதியவனின் அப்பாவைக் கூப்பிட்டு நன்றி சொன்னார். நான் அவனைப் பார்த்து எழுதியிருப்பேன் என்று நினைத்துவிட்டார்.” யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் சரியில்லை என்று புலம்பியபடி வீடு திரும்புகிறான். அடுத்த முறை பதற்றத்தில் கடைசி வாக்கியத்தை மறந்து “நன்றி சொன்னார்” என்பதோடு நின்றுவிடுகிறான். பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு எழுகிறது. தான் விட்டுவிட்ட வாக்கியம்தான் இத்தனை நாளும் தன் நகைச்சுவையைக் கொன்றுகொண்டிருந்தது என்பது அவனுக்கு அப்போது புரிந்தால், வாசிக்கும் பிள்ளைக்கும் அந்தக் கலையின் உள்வேலை புரியும். யார் வேண்டுமானாலும் ஏறிச் சொல்லிப் பார்க்கக்கூடிய ஓப்பன் மைக் மேடைகளில் தொழில்முறைக் கலைஞர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஒரே துணுக்கை ஒரு சொல்லை மாற்றியும் ஒரு சொல்லை வெட்டியும் இரவுக்கு இரவு சொல்லிப் பார்க்கிறார்கள்.

இனி துயரத்துக்கு வருகிறேன். நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் (சொன்னதை ஆராயாமல் அப்படியே பற்றிக்கொள்ளும் வெகுளித்தனம்) என நான்கைத் தொல்காப்பியர் சொல்கிறார். இளமை அந்தப் பட்டியலில் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். குழந்தை, தான் சிரிப்பூட்டுகிறோம் என்று அறியாமலேயே பிறரைச் சிரிக்க வைக்கிறது. பத்துப் பதினொரு வயதில், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியவருகிறது, சுடுகிறது. நகைச்சுவைக் கலைஞராக விரும்பும் பிள்ளை, தன் அனுமதி இல்லாமல் வந்த அந்தச் சிரிப்பை இனி தானே வரவழைக்க நினைக்கிறது. இந்த நாவல்களின் உண்மையான கதைப்பொருள் இதுதான். அதற்குப் பெருந்துயரம் தேவையில்லை, கூச்சம் ஒன்றே போதும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் எல்லாத் துயரங்களையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது.

ஹெலன் ரட்டரின் ‘தி பாய் ஹூ மேட் எவ்ரிஒன் லாஃப்’ (2021) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நாயகன் பில்லி திக்கிப் பேசுபவன். ரட்டரின் மகனும் அப்படிப் பேசுபவர்தான். மேடைக் கலைஞர் சிரிப்பை வெடிக்க வைக்கும் கடைசி வரியான பஞ்ச்லைனுக்கு முன் ஒரு கணம் நிறுத்துகிறார், அது அவர் தேர்ந்துகொண்ட நிறுத்தம். திக்கிப் பேசுபவருக்கோ நிறுத்தம் கேளாமல் வந்து விழுகிறது. அதற்குள் கேட்பவர் முடிவை ஊகித்துவிடுகிறார், அல்லது பரிதாபப்பட்டுத் தாமே சொல்லி முடித்துவிடுகிறார், இது இன்னும் மோசம். இங்கே குறை என்பது அனுதாபத்துக்காக ஒட்டவைத்த ஒன்றல்ல, அந்தக் கலையின் மையத்திலேயே கிடக்கும் தடை. ஜேம்ஸ் பேட்டர்சனும் கிறிஸ் கிராபென்ஸ்டைனும் எழுதிய ‘ஐ ஃபன்னி’ (2012) பற்றி இப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விறுவிறுப்பான நூல்தான். ஆனால் அதன் நாயகன் ஜேமி ஒரு விபத்தால் சக்கர நாற்காலிக்கு வந்த கதையைப் பின்னால் வெளிப்படுத்துவதற்காகப் பொத்திவைக்கும் உத்தி, அவனுடைய திறமைக்கு விபத்தைக் காரணம் காட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. உங்கள் சலிப்பு இந்த நூலுக்குப் பொருந்தும்.

நீங்கள் கேட்டதற்கு மிக அருகில் இருப்பது ஜெசிகா கிம்மின் ‘ஸ்டாண்ட் அப், யூமி சுங்!’ (2020). யூமிக்கு நோயும் இல்லை, விபத்தும் இல்லை. கூச்சமும், வேறு திட்டம் வைத்திருக்கும் பெற்றோரும்தான் இருக்கிறார்கள். நகைச்சுவைப் பயிற்சி முகாம் ஒன்றில் வேறொரு பெண் என்று தவறாக எண்ணப்பட்டு, அந்தப் பெயரிலேயே அவள் தொடர்கிறாள். அடுத்தவள் பெயரில் வாய் திறக்க முடிகிறது, தன் பெயரில் முடியவில்லை என்ற சிக்கலை ஆசிரியர் அவசரப்படாமல் கையாள்கிறார். உங்கள் மகள் இதை ஏற்கெனவே வாசித்திருந்தாலும் இன்னொரு முறை கொடுத்துப் பாருங்கள். நீங்கள் குறிப்பிட்ட தந்தையின் கதை லான்ஸ் ரூபினின் ‘கிரையிங் லாஃபிங்’ (2019) என்று ஊகிக்கிறேன். முன்னாள் நகைச்சுவைக் கலைஞரான அந்தத் தந்தைக்கு வருவது ஏ.எல்.எஸ். என்னும், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய். நாயகி பத்தாம் வகுப்பு மாணவி. அவளுடைய வயதை உங்கள் மகள் நெருங்கும்போது அந்த நூலுக்கு மறுபடி வரலாம்.