கிரெடிட் ரிப்போர்ட்டில் விழுந்த கறை எப்போது போகும்? அமெரிக்கத் தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 2021 மார்ச்சில் வேலை போனதிலிருந்து ஒரு கிரெடிட் கார்டுக்குப் பணமே கட்டவில்லை. 2023இல் வங்கி அந்தக் கடனை ஒரு வசூல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. இந்தப் பதிவு ரிப்போர்ட்டில் நிற்கும் ஏழு வருடத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

பதில்: 2021 மார்ச்சிலிருந்து. அதிகம் பேர் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் எந்தத் தவணையைத் தவறவிட்டு அதன்பின் சரிசெய்யவே இல்லையோ, அந்தத் தேதிதான் கணக்கு. சட்டப்படி அதற்கு 180 நாள் கழித்துத்தான் ஏழு வருடம் ஓடத் தொடங்குகிறது. ஆனால் கிரெடிட் ரிப்போர்ட் என்னும் கடன் வரலாற்று அறிக்கையைத் தயாரிக்கும் மூன்று நிறுவனங்கள், அதாவது பீரோக்கள், பொதுவாக முதல் தவறிலிருந்தே எண்ணி, ஏழு வருடத்தில் எடுத்துவிடுகின்றன. ஆகவே 2028 மார்ச் வாக்கில் போய்விடும். இழுத்தாலும் அந்த வருடம் செப்டம்பரைத் தாண்டக் கூடாது.

கடன் எத்தனை கை மாறினாலும் இந்தத் தேதி மாறாது. வசூல் நிறுவனம் 2023இல் கணக்கைத் திறந்ததாகக் காட்டலாம், அது தவறில்லை. தவணை தவறிய தேதியையே 2023 என்று போட்டிருந்தால் மட்டும் சும்மா விடாதீர்கள். பழைய ஸ்டேட்மென்ட்டை இணைத்து, அப்படிக் காட்டும் ஒவ்வொரு பீரோவுக்கும் டிஸ்ப்யூட் (பதிவு தவறு என்ற மறுப்பு) அனுப்புங்கள். பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் விசாரித்தாக வேண்டும். உறுதிசெய்ய முடியாததை நீக்கியாக வேண்டும்.

கேள்வி: கொஞ்சம் பணம் கட்டினால் ஏழு வருடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்குமா?

பதில்: ரிப்போர்ட்டைப் பொறுத்தவரை ஆரம்பிக்காது. ஆனால் கடனுக்காக வழக்குப் போடும் காலக்கெடு என்று ஒன்று தனியாக இருக்கிறது. பல மாநிலங்களில், பத்து டாலர் கட்டினாலும் அந்தக் கெடு புதிதாகத் தொடங்கிவிடும். பழைய கடன் என்றால், உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.

கேள்வி: கலெக்‌ஷனுக்குப் (வசூல் நிறுவனத்துக்கு) போன கடனை முழுக்கக் கட்டிவிட்டேன். ஏன் இன்னும் இருக்கிறது?

பதில்: கட்டினால் நிலுவை பூஜ்யம் ஆகும், பதிவு நிற்கும். அதற்காகக் கட்டியது வீண் இல்லை. கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் மதிப்பெண்ணான ஃபைகோவில், 9, 10 போன்ற புதிய ஸ்கோர்கள் கட்டி முடித்த கலெக்‌ஷனைக் கணக்கில் எடுப்பதில்லை. பரவலாகப் புழங்கும் ஃபைகோ 8 எடுக்கிறது, வருத்தம்தான். மருத்துவக் கடன் மட்டும் வேறு மாதிரி: கட்டிவிட்டால் மூன்று பீரோக்களும் பதிவையே நீக்குகின்றன. 500 டாலருக்குக் குறைந்தவை 2023 முதல் வருவதே இல்லை.

கேள்வி: திவால்?

பதில்: அத்தியாயம் 7 (சொத்தை விற்றுக் கடன் தீர்க்கும் வகை) என்றால் மனுப் போட்ட நாளிலிருந்து 10 வருடம். அத்தியாயம் 13ஐ (தவணைத் திட்டப்படி கட்டும் வகை) பீரோக்கள் 7 வருடத்தில் எடுத்துவிடுகின்றன.

கேள்வி: 12 நாள் தாமதமாகக் கட்டினேன். ஏழு வருடம் நிற்குமா? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள். 30 நாளைத் தாண்டினால்தான் பீரோவில் தாமதம் என்று பதிவாகும். அபராதக் கட்டணம் வந்திருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: எல்லாக் கறையையும் அழித்துத் தருவதாக ஒரு நிறுவனம் சொன்னது. 800 டாலர் முன்பணம் கேட்கிறார்கள். நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சரியா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். உண்மையான பதிவைக் காலக்கெடுவுக்கு முன் அழிக்கவைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. தவறான பதிவை நீங்களே செலவில்லாமல் டிஸ்ப்யூட் செய்யலாம். மூன்று பீரோக்களின் ரிப்போர்ட்டும் வாரம் ஒருமுறை இலவசமாகவே கிடைக்கிறது. வேலையை முடிக்கும் முன் பணம் வாங்குவதை, இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கையெழுத்திட்ட பின் மூன்று வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமையும் அதில் உண்டு. நேற்றுத்தானே போட்டீர்கள், நேரம் இருக்கிறது. ரத்துக் கடிதத்தை இன்றே அனுப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.