தோழியின் அட்டவணை உங்கள் காலுக்குப் பொருந்துமா?

கேள்வி: வயது 38, பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். 10 கி.மீ. போட்டிக்காக, பல வருடம் ஓடிப் பழகிய 26 வயதுத் தோழியின் அட்டவணைப்படி வாரம் 5 நாள் ஓடுகிறேன். நான்காவது வாரத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உட்புறம் வலி. எப்போதும் சோர்வு. தொடரலாமா?

பதில்: இப்போதைக்கு ஓட வேண்டாம். எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். 5 செ.மீ.க்கு மேல் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட் (அதிக ஓட்டத்தால் முன்னெலும்பை ஒட்டி வரும் வலி). விரல்நுனி அளவு இடத்தில் சுளீரென்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப வாரங்களில் விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற தைரியத்தில் மறுபடி ஓடித்தான் பலர் விரிசலைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

மூச்சு சில வாரங்களில் பழகிவிடும்; எலும்பு உறுதிப்பட மாதக்கணக்காகும். ஓடுவது சுலபமாகத் தோன்றும் நேரத்தில் வலி வருவது இதனால்தான். தோழியின் எலும்பு அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டது.

சோர்வுக்கு ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), வைட்டமின் டி பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருப்பது, உதிரப்போக்கு அதிகமுள்ள பெண்களிடம் சகஜம். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், ஃபில்டர் காபிக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பம் இல்லையென்றால், ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லையா என்று பார்க்க வேண்டும்.

விரிசல் இல்லையென்றால், 30 நிமிட வேக நடையும் ஒற்றைக்காலில் 10 குதிப்பும் வலியில்லாமல் முடிந்த பிறகு மீண்டும் தொடங்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள், கப்பன் பூங்காவின் சமமான பாதையில் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 சுற்று. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். 220-இல் வயதைக் கழித்துக் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பு எல்லை ஆளுக்கு ஆள் 10 துடிப்புக்கு மேலும் மாறும், அதை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். ஓடாத நாளில் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் குதிகால் தூக்குங்கள்: 12 முறை, 3 சுற்று. ஒரே மூச்சில் 25 வரை போக முடிய வேண்டும்.

உங்களுக்கான அட்டவணையை ஒரு நோட்டில் நீங்களே எழுதலாம். 30 நிமிடப் பயிற்சியின் சிரமம் பத்துக்கு 4 என்றால், அன்றைய சுமை 30 × 4 = 120. இதன் வாரக் கூட்டுத்தொகை, முந்தைய வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குபோலக் கூடட்டும். பயிற்சியில் வலி பத்துக்கு 2-ஐத் தாண்டினாலோ, மறுநாள் காலை முதல் அடியில் வலி இருந்தாலோ முந்தைய வார அளவுக்குத் திரும்புங்கள். போட்டிக்கு 10 வாரம்கூட இல்லையென்றால், நடந்தும் ஓடியும் முடிப்பதாகப் பதிவு செய்யுங்கள், அல்லது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.