பெரிய டிஸ்கஸ் மீன்களோடு சின்னதைச் சேர்த்து வளர்க்கலாமா?

டிஸ்கஸ் என்பது அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த, தட்டு மாதிரி வட்டமான மீன். கூட்டமாக வாழும். ஆனால் கூட்டத்துக்குள் யார் பெரியவர் என்ற வரிசை உண்டு. பெரும்பாலும் உடல் அளவுதான் அதை முடிவு செய்யும்.

அளவு ரொம்ப வித்தியாசப்பட்டால் சிக்கல் தீனி நேரத்தில்தான். நெரிசலான பேருந்தில் முண்டி ஏறுகிறவர்களுக்கு நடுவே குழந்தை மாட்டிக்கொள்வது போல, சின்ன மீன் ஒதுக்கப்படும். பெரியது கடிக்கக்கூட வேண்டாம், ஒரு முட்டு போதும். சின்னது மூலைக்குப் போய் உடல் கறுத்து நிற்கும். வளரும் குஞ்சுக்கோ நாளுக்குப் பலமுறை தீனி வேண்டும். அதனால் ஒரே அளவில் ஐந்தாறு மீன்களாகச் சேர்ப்பதே நல்லது.

‘அப்புறம் வளர்ந்துவிடும்’ என்று பலர் நினைக்கிறார்கள். குஞ்சுப் பருவத்தில் குன்றிய வளர்ச்சி பெரும்பாலும் முழுதாகத் திரும்புவதில்லை, உடலுக்குப் பொருந்தாத பெரிய கண்ணே அதற்கு அடையாளம்.