மெட்டல் டிடெக்டரோடு விக்டோரியாவின் தங்கக் காடுகளுக்குப் போகிறவர்கள் பாம்பை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கேட்டவர் மெல்பர்னுக்குப் புதிது. டிடெக்டர் வாங்கியாகிவிட்டது, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தங்கம் கிடைக்கும் டனோலி, மேரிபரோ ஊர்ப் பக்கக் காடுகளுக்குப் போக ஆசை, பாம்பை நினைத்தால் கால் நகரவில்லை என்கிறார். பல வருடமாக அந்தக் காடுகளில் சுற்றுகிறவன் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஆசைப்படுவதில் தப்பில்லை. 1980இல் கிங்கோவர் பக்கத்தில் ஒருவர் டிடெக்டரை வைத்தே 27 கிலோ தங்கக் கட்டியை எடுத்திருக்கிறார். ஆனால் அதே அயர்ன்பார்க் மரக் காட்டில்தான் பிரவுன் பாம்பும் இருக்கிறது. ஓடை, அணைக்கட்டு ஓரம் என்றால் டைகர் பாம்பு. இரண்டுமே நம் ஊர் நல்லபாம்பு, கட்டுவிரியன் குடும்பத்தைச் சேர்ந்தவை. கண்ணாடிவிரியன் போன்ற விரியன் வகை ஆஸ்திரேலியாவில் கிடையவே கிடையாது (பெயரில்தான் விரியன், கட்டுவிரியன் அந்த வகை இல்லை). இதை ஏன் சொல்கிறேன் என்பது முதலுதவிக்கு வரும்போது புரியும்.

எல்லோரும் முதலில் கேட்பது பூட்ஸைப் பற்றி. கணுக்கால் மறைகிற பூட்ஸ், கனமான பேன்ட், அதற்கு மேல் முழங்கால் வரை கெய்ட்டர் (காலைச் சுற்றிக் கட்டும் தடித்த உறை), இதெல்லாம் போடுங்கள், கட்டாயம் போடுங்கள். நடக்கும்போது டிடெக்டரின் அடியில் இருக்கும் தட்டு, அதாவது காயில் (coil), காலுக்கு முன்னால் தரையைத் தடவிக்கொண்டே போவதால் காலுக்கு ஓரளவு காவல் இருக்கிறது. ஆபத்து ஆரம்பிப்பது சத்தம் கேட்டு டிடெக்டரைக் கீழே வைத்துவிட்டு மண்டியிடும்போதுதான். முகமும் கையும் பாம்பின் உயரத்துக்கு இறங்கிவிடுகின்றன. புத்தி முழுக்கக் குழிக்குள். காதில் ஹெட்போன் வேறு.

ஒரு தடவை என் மச்சான் விழுந்து கிடந்த ஒரு கட்டைப் பக்கம் தோண்டிக்கொண்டிருந்தார். கட்டைக்கு அடியிலிருந்து ஒரு பிரவுன், மனிதர் நீளம் இருக்கும், மெதுவாக வெளியே வந்தது. "மச்சான், அசையாதீங்க" என்று கத்துகிறேன், ஹெட்போனில் அவருக்கு ஒன்றும் விழவில்லை. சுற்றி வந்து அவர் கண்ணுக்கு நேராக நின்று உள்ளங்கையைக் காட்டினேன். மனிதர் அப்படியே உறைந்துவிட்டார். அவர் தோண்டிப் போட்ட மண் குவியலின் மேல் ஏறி இறங்கி, புல்லுக்குள் போய்விட்டது. அவரை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் நாங்கள் இருவருமே ஒரு காதை மட்டும்தான் மூடுகிறோம். மெல்லிய சத்தம் சிலது தவறிப் போகும், போகட்டும்.

இந்தப் பொழுதுபோக்குக்கே உரிய இன்னொரு வம்பு, பழைய தகரம். சுரங்கக்காரர்கள் குடிசை போட்டிருந்த இடங்களில் நெளித்தகடுகள் துருப்பிடித்துக் கிடக்கும். டிடெக்டர் அதன் மேல் போனால் ஊரைக் கூட்டும். எலியும் பிரவுன் பாம்பும் தங்க விரும்பும் இடமும் அதுதான். ஆக, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கருவியே உங்களைப் பாம்பின் வாசலுக்குக் கூட்டிப்போய் விடுகிறது. நான் தகரத்தைத் தொடுவதே இல்லை. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், எட்ட இருக்கிற விளிம்பில் பிக்கை (தோண்டுகிற குந்தாலியை) மாட்டி உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அப்போது தகடு உங்களுக்கும் பாம்புக்கும் நடுவில் நிற்கும், திறப்பு அந்தப் பக்கம் இருக்கும்.

கையை விட்டு மண்ணை அள்ளுவதும் அப்படித்தான். குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து காயில் மேல் காட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். அதற்கு பிளாஸ்டிக் ஸ்கூப் விற்கிறார்கள், சில டாலர்தான். கட்டைக்கு அடியில், கல் இடுக்கில், கண்ணுக்குத் தெரியாத எந்த இடத்திலும் விரல் போகக்கூடாது.

பாம்பைப் பார்த்துவிட்டால்? நில்லுங்கள். அது போகட்டும். தூரம் இருந்தால் பின்வாங்குங்கள், ஆனால் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு. அந்தக் காடு முழுக்க 1850களிலிருந்து தோண்டிய செங்குத்தான சுரங்கக் குழிகள், பலவற்றுக்கு வேலி கிடையாது, சிலவற்றின் வாயை இலைதழை மூடியிருக்கும். என்னைக் கேட்டால் பாம்பைவிட அந்தக் குழிகளுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பாம்பு ஒதுங்கிப் போகும், குழி போகாது. இருட்டினால் நடப்பதை நிறுத்திவிட வேண்டும்.

ஊரில் பாம்பைக் கண்டால் கம்பைத் தேடுவோம். இங்கே அது சட்டப்படி குற்றம், பாம்புகள் பாதுகாக்கப்பட்ட உயிரினம். கடி வாங்குகிறவர்களில் கணிசமானோர் அடிக்கவோ பிடிக்கவோ போனவர்கள் என்பதும் சேர்த்து நினைவில் இருக்கட்டும்.

சரி, கடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிரவுன் பாம்பின் பல் மிகச் சிறியது. முள் கீறியது போல ஒரு கோடு, வலிகூட இல்லாமல் இருக்கலாம். "ஒன்றும் இல்லை போல" என்று காருக்கு நடப்பதுதான் மிக மோசமான முடிவு. இந்த விஷம் நிணநீர் வழியாக ஏறுகிறது, நடந்தால் தசையே அதை மேலே தள்ளிவிடும். திடீரென்று மயங்கி விழுவதும் நடக்கும். அதனால் இருந்த இடத்திலேயே படுக்க வேண்டும். 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள எலாஸ்டிக் பேண்டேஜைக் கடிவாயை மூடும்படி ஒரு சுற்று கட்டி, அப்புறம் இன்னொன்றை விரல் நுனியிலிருந்து தொடங்கி கை அல்லது கால் முழுக்க மேல்வரை இறுக்கமாகச் சுற்ற வேண்டும். பேன்ட்டைக் கழற்ற வேண்டாம், அதன் மேலேயே கட்டலாம். பாம்புக்கடிக்கென்றே விற்கிற பேண்டேஜில் சின்னச் சின்ன நீள்சதுரங்கள் அச்சிட்டிருக்கும், சரியான அளவு இழுத்தால் அவை சதுரமாக மாறும். வீட்டில் ஒருமுறை உங்கள் காலிலேயே கட்டிப் பழகுங்கள், எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடும். ஒரு குச்சியை வைத்துக் காலை அசையாமல் கட்டி, கடித்த இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். கழுவ வேண்டாம், தோலில் ஒட்டியிருக்கும் விஷம் எந்தப் பாம்பு என்று கண்டறிய உதவலாம். கயிறு, பிளேடு, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கட்டை ஆஸ்பத்திரியில்தான் அவிழ்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஊரில் இருக்கும் அப்பாவுக்கு இதே கட்டைச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். அங்கே கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் கடித்த இடத்துச் சதையையே அழிக்கும், இறுக்கிக் கட்டினால் கேடு அதிகமாகும். இந்தியாவின் சிகிச்சை வழிகாட்டுதல் இந்தக் கட்டைப் பரிந்துரைப்பதில்லை. அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் அங்கே முறை.

நடக்கக்கூடாது என்றால் உதவி உங்களைத் தேடி வர வேண்டும். அதனால் போன் சட்டைப் பையில் இருக்க வேண்டும், காரில் அல்ல. அவசர உதவி எண்ணான 000 அடிக்கும்போது இடத்தைச் சொல்ல எமர்ஜென்சி பிளஸ் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், அது ஜிபிஎஸ் எண்களைத் திரையில் காட்டும். ஆனால் பள்ளங்களில் சிக்னல் சுத்தமாகக் கிடைக்காது. தனியாகப் போகிறவர் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்று வாங்கி இடுப்பில் மாட்டிக்கொள்வது நல்லது. மாதச் சந்தா கிடையாது, பதிவு இலவசம், செயற்கைக்கோள் வழியாக மீட்புக்காரர்களுக்குச் செய்தி போகும். டிடெக்டருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் சில நூறு டாலர் பீக்கனுக்கு யோசிப்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

புதியவர் என்பதால், முதல் சில தடவை ஜூன், ஜூலையில் போய்ப் பாருங்கள். குளிரில் பாம்பு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், வெயில் அடித்தால் எப்போதாவது தலைகாட்டும். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதன் காலம். நாயைக் கூட்டிப்போக வேண்டாம், அது கட்டைக்கட்டையாக மூக்கை நுழைக்கும். கிளம்பும் முன் மைனர்ஸ் ரைட் (தங்கம் தேடுவதற்கான அனுமதி) எடுத்துவிடுங்கள், 10 வருடம் செல்லும். தோண்டிய குழியை மூட வேண்டும் என்பது அதிலேயே உள்ள விதி. அப்படியே ஆம்புலன்ஸ் உறுப்பினர் சந்தாவும் கட்டிவிடுங்கள். விக்டோரியாவில் ஆம்புலன்ஸ் செலவை மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) தராது, ஹெலிகாப்டர் வந்தால் பில் மட்டுமே உங்கள் டிடெக்டர் விலையைத் தாண்டிவிடும்.